15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளும் பதிவுப் புதுப்பிப்பும்

நூல் வாங்கி வரவும், நெய்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைக்கவும், காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும் நம் அங்கத்தினர் பலருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளோ மொபெட்டோதான் துணை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது வாசலில் நிற்கும் இவ்வண்டிகளையும் நாம் நோக்குவதுண்டு. பதிவுச் சான்றின் கெடு முடிந்துவிட்டதை உடையவரே அறியாதிருப்பது அபூர்வமன்று.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மனு 25-ஆம் எண் படிவத்தில். கெடுவுக்கு முந்திய 60 நாட்களுக்குள் அளிக்கலாம். பிரிட்டனில் மூன்றாண்டு கடந்த மோட்டார் சைக்கிளை ஆண்டுதோறும் பரிசோதனைக்கு விடுகிறார்கள். இங்கே இடைவெளி நீண்டது. மறதிக்கு அதுவே காரணமாகிறது.

மறதியின் விலை சிறிதன்று. தற்காலிகப் பதிவு காலாவதியான வாகனமொன்று விபத்தில் சேதமுற்ற வழக்கில், பதிவின்றிப் பொதுச்சாலையில் ஓட்டியது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறியதாகும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பிரீமியம் தவறாமற் கட்டியும் உடையவருக்கு நஷ்டஈடு கிட்டவில்லை.

இனி வண்டிக்கு வருவோம். நம்மவர் வண்டிகளில் முதலில் கவனிக்க வேண்டியது, மூட்டைக்கென்று பட்டறையில் வைத்துப் பற்றவைத்த இரும்புச் சட்டம். பதிவுச் சான்றில் கண்ட அமைப்பினின்றும் வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. அது நிற்க, இச்சட்டம் பல வண்டிகளில் பின்விளக்கையும் எண் பலகையையும் மறைத்துவிடுகிறது. அதைப் பொருத்துவதற்காகவே சேலைக் காப்பையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பின்னிருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு, கைப்பிடி, கால்மிதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சேலை நெய்து பிழைப்பவர் வண்டியில் சேலைக் காப்பு இல்லாதிருப்பது வேடிக்கைதான். ஆனால் முந்தானை சிக்கிய பெண்ணுக்கு அது வேடிக்கையன்று. ஆகவே சட்டத்தைக் கழற்றி, காப்பைத் திரும்பப் பூட்டுக.

பாரம் ஏற்றியே பழகிய வண்டியில் பின் பிரேக் கட்டைகள் விரைவில் தேயும். டிரம் பிரேக்கில் தேய்மானத்தை வெளியிலிருந்தே ஒருவாறு அறியலாம். பிரேக்கை மிதிக்கும்போது, டிரம்மின் வெளியேயுள்ள நெம்புகோல் தண்டுக்குச் செங்குத்தான நிலையைத் தாண்டிப் போகுமானால் கட்டைகள் மாற்றத்தக்கவை. திருகை மேலும் மேலும் முறுக்குவதால் பயனில்லை. முன் பிரேக்கின் கேபிளில் ஓரிழை அறுந்திருந்தாலும் புதிது போடுக. ஓரிழை அறுந்த பாவு எத்தனை நேரம் தாங்குமென்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

டயரின் பட்டைப் பள்ளம் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சங்கிலித் தொய்வு பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். விளக்குகள், ஹாரன், பின்னோக்குக் கண்ணாடி ஆகியவற்றை முதல் நாள் மாலையே பார்த்துவிடலாம். பல சுரம் பாடும் ஹாரன் கூடாது.

புகைச் சோதனையிலேதான் பழைய வண்டிகள் பெரிதும் தடுமாறுகின்றன. 2000 மார்ச் 31-க்குப் பின் செய்த இருசக்கர வண்டியின் புகையில், எஞ்சின் சும்மா ஓடும் நிலையில், கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டை மிஞ்சக்கூடாது. அதற்கு முந்தியவற்றுக்கு 4.5. காற்றுப் போதாதபோது பெட்ரோல் அரைகுறையாய் எரிவதால் உண்டாவதே இவ்வாயு. பஞ்சும் தூசியும் பறக்கும் தறிக்கூடத்தருகே நிறுத்தும் வண்டியில் காற்று வடிகட்டி அடைத்துக்கொள்வது இயல்பு. கார்புரேட்டர் திருகில் கை வைக்குமுன் வடிகட்டியைச் சுத்தம் செய்க, அல்லது மாற்றுக. பலருடைய சிக்கல் அதனோடு தீர்ந்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டாயின், எண்ணெயைக் கண்மதிப்பாக ஊற்றாமல் கையேட்டு அளவுப்படி கலக்குக. சைலென்சரில் படிந்த கரியையும் நீக்குக. எஞ்சினைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றிய பின்னரே சோதனைக்குக் கொடுக்க வேண்டும். இத்தகைய பழைய வண்டிகளுக்குச் சான்று 6 மாதமே செல்லும்.

காகிதங்களில் நம் இலாகாவைச் சார்ந்தது ஒன்று. கூட்டுறவு வங்கியிலோ சங்கத்திலோ கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்து வெகுகாலமாகியும் அடமானக் குறிப்புப் பதிவுச் சான்றில் அப்படியே இருக்கும். 35-ஆம் எண் படிவத்தில் உடையவரும் கடன் கொடுத்த ஸ்தாபனமும் கையொப்பமிட்டு அதை நீக்கிக்கொள்ளலாம். சங்கக் காரியதரிசிகள் இக்கையொப்பத்துக்கு அங்கத்தினரை நாலு நடை நடக்கவிடலாகாது. காப்பீட்டுப் பத்திரமும் பசுமை வரி ரசீதும் உடன் இருக்கட்டும்.

கடைசியாக, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்துப் பார்க்கப்படும். பழைய வண்டிகளில் இவை அழுக்கினுள் புதைந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தாலே எழுத்து தெரியும். உப்புத்தாளோ அரமோ கொண்டு தேய்த்தால் எண்ணைத் திருத்திய ஐயம் எழும். அதன்பின் பிரேக் எவ்வளவு நன்றாயிருந்தும் வண்டி அன்று வீடு திரும்புவது கடினம்.