ஏட்டில் வரும் கொல்லம் ஆண்டு

அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்தது கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம் 20-ஆம் நாள். அன்புக்கொடி மக்களின் வீடுகளில் சிறு பிள்ளைகளும் இதைச் சொல்லும். ஆனால், "கொல்லம் ஆண்டு என்றால் என்ன?" என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டால், "அது பழைய கணக்கு" என்பதோடு பெரியவர்கள் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

கொல்லம் ஆண்டு மலையாள நாட்டில் வழங்கும் கணக்கு. கி.பி. 825-இல் தொடங்கியது. வேணாட்டுத் துறைமுகமான கொல்லத்தின் பெயரை உடையது. திருவிதாங்கூர் அரசின் ஆவணங்கள் இந்த ஆண்டையே எழுதின. அய்யா தவமிருந்த தெட்சணப் பூமி அன்று அந்த அரசுக்குள் இருந்தது. மக்களின் பேச்சோ தமிழ். ஆகவே ஆண்டு கொல்லத்திலிருந்து வந்தது, மாதம் தமிழாகவே நின்றது. மலையாளத்தார் கும்பம் என்பதை இங்குள்ளோர் மாசி என்றனர். அவர்களுடைய விருச்சிகம் இங்கே கார்த்திகை. '1008 மாசி 20' என்ற ஒரு தேதியிலேயே இரு நாடுகளும் கலந்திருக்கின்றன. அன்று கும்பினி ஆட்சியில் இருந்த திருநெல்வேலிச் சீமையிலும் கொல்லம் ஆண்டு வழக்கில் இருந்தது. இன்றும் மாசி 19 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஊர்வலமும் திருச்செந்தூரிலிருந்து ஓர் ஊர்வலமும் வந்து நாகர்கோவிலில் சேர்கின்றன. பழைய வழித்தடம்தான்.

சொற்களிலும் இக்கலப்பு உண்டு. தென் திருவிதாங்கூரின் பழந்தமிழில் வெள்ளிக்கிழமை 'வெள்ளியாழ்ச்சை'. மலையாளத்தில் இன்றும் 'ஆழ்ச' என்பர். இப்படிப்பட்ட சொல்லை ஏட்டில் காணும் வெளியூர் அன்பர், எழுத்துப் பிழை என்று எண்ணித் திருத்தி வாசிக்கக் கூடாது.

அதைவிட முக்கியமானது 'ஊழியம்'. பொதுத் தமிழில் அது தொண்டு, பணிவிடை. திருவிதாங்கூர் அரசின் வழக்கிலோ கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலை. சான்றோர் பட்ட பாட்டைச் சொல்லும் இடத்தில் ஊழியம் என்பதைத் தொண்டு என்று பொருள் கொண்டால், ஏடு எதை அநீதி என்கிறதோ அதையே புண்ணியமாக்கி விடுவோம். திருஏடு வாசிப்பில் விளக்கம் சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும்.

ஆண்டை மாற்றிச் சொல்வதிலும் ஒரு தவறு நேர்கிறது. கொல்லம் ஆண்டுடன் 825 கூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். திருவிதாங்கூரில் ஆண்டு பிறப்பது ஆவணி முதல் நாள். ஆகவே ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதாவது டிசம்பர் முடியும் வரை. ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். அவதார மாசி 1008 இவ்வாறு 1833 ஆகிறது. அகிலத்திரட்டு அம்மானை எழுதப்பட்ட நாள் 1016 கார்த்திகை 27. பல இடங்களில் இதை 1841 என்று அச்சிடுகிறார்கள். கார்த்திகை ஆதலால் 824 கூட்டி 1840 டிசம்பர் என்பதே சரி. அய்யா வைகுண்டம் சென்ற 1026 வைகாசி 21-க்கு 825 கூட்ட வேண்டும்: 1851.