மரக்கிண்ணம் கடைவதற்கேற்ற வளைந்த உளித்தாங்கி

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பாதையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணம் அமைந்துள்ளது. மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யப்படும் பொம்மைகளுக்கு இவ்வூர் பெயர்பெற்றது. இங்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் மரம் கன்னடத்தில் ‘ஆலெ’ எனப்படும். இது ஆலமரம் அன்று. தமிழ்நாட்டில் வெப்பாலை என்று வழங்கும் மரமே ஆகும். வெண்மையான நிறமும் நெருங்கிய இழையமைப்பும் உடையதாதலின் கடைசலுக்கு இது மிகவும் ஏற்றது.

பொம்மை, வளையல், குங்குமச் சிமிழ் போன்ற சிறு பொருள்களைக் கடைவதற்கு நேரான உளித்தாங்கியே போதும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இவ்வகை வேலையில் பயின்ற மாணவன், அதே தாங்கியைக் கொண்டு அகன்ற மரக்கிண்ணம் ஒன்றைக் குடையத் தொடங்கும்போது இடர் நேர்கிறது. உளி திடீரென்று மரத்தில் கொத்திக்கொள்கிறது, கிண்ணம் பிளக்கிறது, சில வேளைகளில் கையும் காயமுறுகிறது. இதற்கு மாணவனின் கைத்திறக் குறைவே காரணம் என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. உண்மையில் பல சமயங்களில் குற்றம் தாங்கியின் வடிவத்தில் உள்ளது.

நெம்புகோல் விதி

கடைசல் யந்திரத்தில் (பட்டறை வழக்கில் லேத்) உளி ஒரு நெம்புகோலாகும். தாங்கி அதன் சுழலிடம். சுழலும் மரம் உளியின் முனையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. கைப்பிடியின் இறுதியில் உள்ள கை அதனை எதிர்த்து நிற்கிறது.

உளியின் மொத்த நீளம் 42 சென்டிமீட்டர் என்றும், முனையின்மேல் மரம் செலுத்தும் விசை 10 கிலோகிராம் எடைக்குச் சமம் என்றும் கொள்க. முனை தாங்கிக்கு அப்பால் 2 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், கை தாங்க வேண்டியது அரைக் கிலோகிராம் மட்டுமே. அதே முனை 10 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், கை தாங்க வேண்டியது 3 கிலோகிராமுக்கும் மேலாகும். அதாவது ஆறு மடங்கிற்கும் அதிகம்.

உளியின் வளைவோ இன்னும் விரைவாகப் பெருகுகிறது. ஒரு முனையில் இறுகப் பற்றிய சட்டத்தின் மறுமுனை ஒரே விசையினால் தாழும் அளவு, நீட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. நீட்டம் இரு மடங்கானால் தாழ்வு 8 மடங்கு. ஐந்து மடங்கானால் 125 மடங்கு. உளி நடுங்குவதற்கும் கிண்ணத்தின் உட்புறத்தில் அலை போன்ற வடுக்கள் விழுவதற்கும் இதுவே முதற்காரணம்.

கிண்ணத்தில் இது மேலும் கடுமையாகிறது. முகத்தட்டில் பொருத்தப்படும் பலகையில் மரத்தின் நார் பெரும்பாலும் சுழலச்சுக்குக் குறுக்காக ஓடுகிறது. ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் உளி நாரின் வெட்டுமுகத்தை இரு முறை சந்திக்கிறது. நிமிடத்திற்கு 800 சுற்று என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 27 முறை விசை ஏறி இறங்கும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் விளிம்பு அப்போது மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது.

வளைவைத் தேர்ந்தெடுத்தல்

நேரான தாங்கியைக் கிண்ணத்தின் வாயின் குறுக்கே வைத்தால், குழி ஆழமாக ஆழமாக முனையின் நீட்டம் வளர்ந்துகொண்டே போகும். வளைந்த தாங்கி குழியினுள் நுழைந்து, வெட்டும் இடத்திற்கு அருகிலேயே உளியைத் தாங்குகிறது. அதன் பயன் முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

உட்புறத்திற்கான தாங்கி மரத்தை நோக்கிப் புடைத்திருக்கும். அதன் வளைவு, கிண்ணக் குழியின் வளைவைவிடச் சற்றுக் குறுகலாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அதன் ஓரம் மரத்தில் உராயும். வெளிப்புறத்திற்கான தாங்கி கிண்ணத்தைத் தழுவுமாறு குழிந்திருக்கும். அதன் வளைவு கிண்ணத்தின் வளைவைவிடச் சற்று அகன்றிருத்தல் வேண்டும். ஒரு பக்கம் உள்வளைவும் மறுபக்கம் வெளிவளைவுமாகப் பாம்புபோல் நெளிந்த தாங்கி இரண்டிற்கும் உதவும்.

ஒன்று மட்டுமே வாங்க இயலும் பயிற்சிக்கூடம், உட்புறத் தாங்கியையே வாங்குதல் நலம். வெளிப்புறத்தை, குட்டையான நேர்த்தாங்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தியும் கடைந்துவிடலாம். ஆழமற்ற தட்டுகளுக்கு வளைந்த தாங்கி தேவையில்லை. வாங்குமுன், வழக்கமாகக் கடையும் கிண்ணத்தின் உட்குறுக்குவெட்டை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு ஒப்பிடுதல் சிறந்த முறை.

வளைவு நீண்டால் நன்மையும் நீளும் என்று எண்ணுதல் கூடாது. வளைந்த கையின் நுனி, தாங்கும் தண்டிலிருந்து விலகி நிற்பதால், உளியின் அழுத்தம் அதனை வளைப்பதோடு முறுக்கவும் செய்கிறது. உளியின் நடுக்கத்தைக் குறைக்க வாங்கிய தாங்கியே நடுங்குமாயின் பயனில்லை. எனவே தேவைக்கு மேல் நீளாததும், தடித்த எஃகினால் ஆனதும், தண்டு யந்திரத்தின் துளையில் ஆட்டமின்றிப் பொருந்துவதுமான தாங்கியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்விளிம்பு வழவழப்பாக இருத்தல் அவசியம். அதில் விழுந்த வடுக்களை அரத்தினால் தேய்த்து அகற்றாவிட்டால், உளி தடைப்பட்டுத் தடைப்பட்டு நகரும்.

உயரம்

சுரண்டும் உளியைக் கொண்டு உட்புறச் சுவரைச் சீர்செய்யும்போது, அதன் வாய் சுழலச்சின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்குமாறு தாங்கியை அமைக்க வேண்டும். குழி அச்சின் மட்டத்தில்தான் மிக அகன்றுள்ளது. ஆதலால் அழுத்தத்தினால் முனை தாழ்ந்தால், அது வெற்றிடத்தை நோக்கியே செல்லும். வெளிப்புறத்தில் இதற்கு நேர்மாறு: அங்கு அச்சுக்கு மேலிருந்து தாழும் முனை புடைத்த மரத்தினுள் புகும். ஆகவே அச்சின் மட்டமோ சற்றுக் கீழோ ஏற்றது. உளியின் கனத்தையும் கணக்கிட்டே உயரத்தை நிறுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. யந்திரத்தை ஓட்டுமுன், கிண்ணத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தாங்கியில் எங்கும் தட்டவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.
2. மரம் குறையக் குறைய இடைவெளி பெருகும். அடிக்கடி யந்திரத்தை நிறுத்தித் தாங்கியை நெருக்கி வைக்க வேண்டும். ஓடும்போது அதனை நகர்த்தலாகாது.
3. மணல் தாள் தேய்க்கும்போதும், அரக்குக் குச்சியை அழுத்தி உராய்வு வெப்பத்தினால் வண்ணம் ஏற்றும்போதும், தாழை ஓலையால் மெருகிடும்போதும் தாங்கியை அகற்றிவிட வேண்டும். தாங்கிக்கும் மரத்திற்கும் இடையில் விரல் அகப்படுதல் பெருந்தீங்கு.

வகுப்பறைச் சோதனை

மெல்லிய இரும்பு அடிக்கோல் ஒன்றை மேசையின் விளிம்பில் 10 சென்டிமீட்டர் வெளியே நீளுமாறு வைத்து, மேசைமேல் உள்ள பகுதியை இறுக அழுத்துக. நுனியில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு, நுனி தாழ்ந்த அளவைக் குறித்துக்கொள்க. பின்னர் நீட்டத்தை 20 சென்டிமீட்டராக்கி, அதே எடையைத் தொங்கவிடுக. தாழ்வு ஏறத்தாழ 8 மடங்காகியிருப்பதை மாணவர் தாமே காண்பர். மேசையின் விளிம்பே உளித்தாங்கி, அடிக்கோலே உளி என்று ஆசிரியர் அப்போது எடுத்துரைத்தால், அவர்கள் பட்டறையில் அதனை மறவார்.

வினாக்கள்

1. 42 சென்டிமீட்டர் உளியின் முனை தாங்கிக்கு அப்பால் 7 சென்டிமீட்டர் நீண்டுள்ளது. முனையின் விசை 10 கிலோகிராம் எடைக்குச் சமமாயின் கை தாங்க வேண்டியது எவ்வளவு?
2. உட்புறத் தாங்கியின் வளைவு குழியின் வளைவைவிட ஏன் குறுகலாக இருத்தல் வேண்டும்?
3. ஆழமற்ற தட்டுக்கு நேரான தாங்கியே போதுமானதாவது எவ்வாறு?