தையல் போட்ட மாட்டுக்கு வீட்டுப் பக்குவம்

சென்னிமலை, சிவகிரி பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலி இருந்த இடத்தில் முள்கம்பி வந்துவிட்டால், மாட்டின் தொடையும் மடியும் கிழிபடும். சில மணி நேரத்துக்குள் தையல் போட்டால் நன்றாகக் கூடும். 1962-க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஆழமான காயத்தில் டாக்டர் ரப்பர் குழாய் வைத்திருந்தால் பயப்படாதீர்கள். உள்ளே நீர் கட்டித் தையல் பிரியாமலிருக்கத்தான் அது. முதலில் இரத்தம் கலந்த நீர் வடியும். நாளுக்கு நாள் குறைய வேண்டும். துணி வைத்து அடைக்காதீர்கள், இழுக்காதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, வடிந்த இடத்தைத் துடையுங்கள். குழாய்க்குக் கீழே உள்ள தோல் புண்ணாகாமல் வாசலின் தடவுங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் குழாயை டாக்டர் எடுத்துவிடுவார். தோல் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும்.

சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆறுகிற சதையை அவை கெடுத்துவிடும். ஈ மொய்த்தால் காயத்தின் மேல் படாமல், சுற்றிலும் வேப்பெண்ணெய் பூசலாம். வீக்கம், கெட்ட வாடை, தீனி எடுக்காமை தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.