பார்வையில்லாமல் மூன்று சிஸ்டம்கள்

எனக்குப் பார்வை கிடையாது. விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றையும் பயன்படுத்துகிறேன். திரையில் உள்ளதை ஸ்கிரீன் ரீடர் புரோகிராம் படித்துச் சொல்லும்.

அதை இயக்க, பிறர் உதவி தேவையில்லை. விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர் கீகளைச் சேர்த்து அழுத்தினால் நெரேட்டர் பேசும். மேக்கில் கமாண்ட், எஃப்5 (சில கீபோர்டுகளில் எஃப்என் கீயும்) அழுத்தினால் வாய்ஸ்ஓவர். உபுண்டுவில் ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் அழுத்தினால் ஆர்கா. பேச்சை நிறுத்த மூன்றிலும் கண்ட்ரோல் கீ போதும்.

காப்பி செய்ய விண்டோஸில் கண்ட்ரோல்+சி, மேக்கில் கமாண்ட்+சி. உபுண்டு டெர்மினலில் மட்டும் கவனம்: கண்ட்ரோல்+சி, ஓடும் புரோகிராமையே நிறுத்திவிடும். அங்கே ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

பார்வையற்ற நண்பர் உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், அவருக்காக நீங்கள் டைப் செய்ய வேண்டாம். ஸ்பீக்கரை ஆன் செய்து, எந்த சிஸ்டம் என்று சொல்லுங்கள். மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.