ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே

பழவேற்காடு ஏரியில் முறைவைத்துப் பாடு இறங்கும் குப்பங்களுக்கு அட்டவணை புதிதல்ல. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். கீமோ சீட்டில் மட்டும் ஊசி போடும் தேதியைத்தான் பார்க்கிறோம். நடுவில் கிடக்கும் நாட்களை யாரும் எண்ணுவதில்லை.

“பக்கத்து வீட்டு அக்காவுக்கு தினமும் வெச்சாங்க, எனக்கு ஏன் மூணு வாரத்துக்கு ஒருதரம்?”

அக்காவுக்கு வைத்தது கரண்ட், அதாவது கதிர்வீச்சு. வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள். கீமோ ரத்தத்தோடு உடம்பெங்கும் போகிற மருந்து. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும்போது புற்றுநோயோடு எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். மஜ்ஜை தேறுவதற்காகத்தான் பல மருந்துகளுக்கு 21 நாள் ஒரு சுற்று. பக்லிடாக்சலை அளவைக் குறைத்து வாராவாரம் போடுவதும் உண்டு. மருந்துக்கு மருந்து கணக்கு மாறும்.

“பத்தாம் நாளே தேறிட்டாங்க, இனி பயமில்லை.”

இந்தப் பத்தி எழுதுவதே இதற்காகத்தான். குமட்டல் பெரும்பாலும் முதல் வாரத்தோடு அடங்கும். ஆனால் பல மருந்துகளில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது 7 முதல் 14 நாளுக்குள். முகம் தெளிந்திருக்கும், பசி திரும்பியிருக்கும், எதிர்ப்புச் சக்தி மட்டும் இருக்காது. அந்த நேரம் பார்த்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்க ஏரியில் இறங்கினால், சிப்பி விளிம்பு கீறிய சின்னக் காயம் போதும். உவர்நீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் உண்டு.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுத்தால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. சென்னை தூரம் என்றால் முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனை. உள்ளே நுழைந்ததும் “கீமோ போட்டு இத்தனை நாள்” என்று சொல்லிவிடுங்கள். வெறும் ஜுரம் என்று வரிசையில் உட்காரவைக்கும் ஆபத்து அதனால் குறையும்.

“தேதியைத் தள்ளிட்டாங்க, கைவிட்டுட்டாங்க போல.”

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுவோ தட்டணுவோ குறைந்திருந்தால் ஒரு வாரம் பொறுப்பது வழக்கமான நடைமுறை. டாக்டர் தள்ளுவது வேறு. திருவிழா, இறால் சீசன் என்று நாமே தள்ளுவது வேறு. இரண்டாவதில் நோய்க்குத்தான் லாபம்.

“கட்டி கரைஞ்சிடுச்சே, மிச்ச ஊசி எதுக்கு?”

கைக்குத் தட்டுப்படாத அளவிலும் கோடிக்கணக்கான செல்கள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் ஒரு பங்கைத்தான் அழிக்கும். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையானாலும் வேறு எந்த மருத்துவமனையானாலும் சுற்றுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே தீர்மானிப்பது இதனால்தான்.

மீன் ஆகாது என்பதும் பொய். நன்றாக வெந்த மீன் தாராளமாக ஆகும். அந்தப் புரதம் இப்போதுதான் தேவை.

கடைசியாக, கடற்கரை மணலில் தானாக முளைக்கிற நித்தியகல்யாணி. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து அதிலிருந்து வந்ததுதான். அதற்காக இலையை அரைத்துக் குடிக்கக் கூடாது. பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த அந்த மருந்தையே ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. கைப்பிடி இலைச்சாற்றில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.