மீட்போரின் மனநலமும் இரகசியக் காப்பும்

2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் இரண்டு பயணி ரயில்களும் ஒரு சரக்கு ரயிலும் விபத்துக்குள்ளாயின. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 9 குழுக்கள் அங்கு பணியாற்றி, 44 பேரை உயிருடன் மீட்டன. 121 சடலங்களை வெளியே எடுத்தன. நான்கு நாட்களுக்குப் பின், ஜூன் 6-ஆம் நாள், அப்படையின் தலைமை இயக்குநர் புதுதில்லியில் பேசுகையில் இரு செய்திகளைக் குறிப்பிட்டார். மீட்புப் பணியில் ஈடுபட்ட ஒருவருக்குத் தண்ணீரைக் காணும்போதெல்லாம் இரத்தமாகவே தோன்றியது. மற்றொருவருக்கு உணவின்மீது நாட்டமே இல்லாமற் போயிற்று. அவ்விருவரின் பெயரையோ, அவர்கள் சேர்ந்த குழுவையோ அவர் கூறவில்லை.

மீட்போருக்கும் மனக்காயம் உண்டு என்பதை ஓர் அமைப்பின் தலைமையே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது; அதே வேளையில் காயமுற்றவர் யார் என்பது காக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். முன்னது மட்டும் நிகழ்ந்து பின்னது தவறினால், அடுத்த விபத்துக்குப் பின் எவரும் வாய் திறக்கமாட்டார்.

சுமையின் இயல்பு

தீயணைப்புத் துறையினர், 108 அவசர ஊர்தியின் பணியாளர்கள், காவலர்கள், பேரிடர் மீட்புப் படையினர், பிணவறை ஊழியர்கள், கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை ஏற்போர் ஆகிய அனைவரும் பிறரது துயரின் உச்ச வேளையில் அருகிருப்பவர்கள். கோரக் காட்சிகளுக்குப் பின் உறக்கமின்மை, திடுக்கிடல், எரிச்சல், காட்சிகள் மீண்டும் மீண்டும் மனத்தில் எழுதல் ஆகியவை இயல்பான விளைவுகளே. பெரும்பாலோர் ஓய்வாலும் தோழமையாலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஒரு சிலரிடத்தில் இவை நீடித்து, மனச்சோர்வாகவோ, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாகவோ, குடிப்பழக்கமாகவோ முற்றுகின்றன. அந்தச் சிலரைத் தக்க தருணத்தில் கண்டறிந்து உதவுவதே நெருக்கடிக்கால ஆதரவின் நோக்கமாகும். பேரிடர்களின்போது வழங்கவேண்டிய உளச்சமூக ஆதரவு, மனநலப் பணிகள் ஆகியவற்றுக்கான வழிகாட்டு நெறிகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுள்ளது.

2015-16-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைவுக்கு ஆளாகியிருந்ததைக் காட்டியது. நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாதிருந்ததையும் அது வெளிப்படுத்தியது. பொதுமக்களைப் பொறுத்தவரை மருத்துவர் பற்றாக்குறையும் தொலைவும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். சீருடைப் பணியாளரைப் பொறுத்தவரை மருத்துவர் அருகிலேயே இருக்கலாம். ஆயினும் அவரிடம் செல்லவிடாமல் தடுக்கும் ஒன்று உண்டு. அதுவே அச்சம்.

அச்சத்தின் வேர்

இவ்வச்சம் வெறும் கற்பனை அன்று. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மத்திய ஆயுதக் காவற் படைகளிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். அப்படைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் மருத்துவச் சோதனை ‘ஷேப்’ என்னும் முறையில் அமைந்துள்ளது. மனநிலை, செவித்திறன், கைகால்களின் இயக்கம், பொது உடல்நிலை, கண்பார்வை ஆகிய ஐந்தும் அதில் தரப்படுத்தப்படுகின்றன. பதவி உயர்வுக்கு முதல் தரம் வேண்டப்படுகிறது. ஐந்தனுள் முதலாவது மனநிலை என்பதால், “உறக்கம் வரவில்லை” என்று மருத்துவரிடம் கூறும் சொல் தன் தரத்தைக் குறைத்துவிடுமோ என்று ஒருவர் எண்ணுதல் இயற்கையே. பல மாநிலங்களில் 108 சேவை ஒப்பந்தத்தின்பேரில் வெளி நிறுவனங்களால் நடத்தப்படுகிறது. அங்குள்ள ஊழியரின் அச்சம் பதவி உயர்வைப் பற்றியதன்று, வேலையைப் பற்றியது.

இதன் விளைவு முரணானது. பணியாளரின் மனநிலையை அறிந்துகொள்வதற்கென்றே ஏற்பட்ட சோதனை, அவர் அதனை மறைக்கத் தூண்டும் காரணமாகிவிடுகிறது. மறைத்தவர் சிகிச்சையின்றிப் பணியில் தொடர்கிறார். அவருக்கும், அவரை நம்பியுள்ள சக பணியாளருக்கும், மீட்கப்படவேண்டிய பொதுமக்களுக்கும் இதனால் ஆபத்து மிகுகிறது. எனவே இரகசியக் காப்பு என்பது தனி ஒருவருக்குக் காட்டும் சலுகையன்று. பொதுப் பாதுகாப்பின் ஒரு கூறேயாகும்.

சட்டம் தரும் காப்பு

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இத்துறையில் அடிப்படையானது. அதன் 23-ஆம் பிரிவு, மனநோயுள்ளவர் தம் மனநலம், உடல்நலம், சிகிச்சை ஆகியவை பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையுடையவர் என்கிறது. சிகிச்சை அளிக்கும் நலத்துறையினர் அனைவரும் அத்தகவலைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். 24-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் இசைவின்றி அவர் பற்றிய தகவலைச் செய்தித்துறைக்கு வெளியிடுவதைத் தடுக்கிறது. மின்னணு வடிவில் சேமிக்கப்பட்ட தகவலுக்கும் இரகசிய உரிமை பொருந்தும் என்கிறது. சட்டத்தை முதன்முறை மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 108-ஆம் பிரிவு இடமளிக்கிறது. காவல்துறை அலுவலர் உள்ளிட்ட அரசு அலுவலர்களுக்கு இச்சட்டம் குறித்து அவ்வப்போது பயிற்சி அளிப்பது அரசின் கடமை என்று 30-ஆம் பிரிவு கூறுகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இத்திசையிலேயே செல்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 17 அன்று, மனநோய்க்கு ஆளான மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், நோயோடு தொடர்புடைய நடத்தைக்காக எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை மறைமுகப் பாகுபாடாகும் என்று அந்நீதிமன்றம் கூறியது. அவர் தற்போதைய பணிக்குத் தகுதியற்றவராயின் ஊதியத்துக்குக் குறைவின்றி வேறு பணி தரவேண்டும் என்றும், அப்பணியில் துப்பாக்கி போன்ற கருவிகளைத் தவிர்க்க நிர்வாகத்துக்கு உரிமையுண்டு என்றும் தீர்ப்பு அமைந்தது. பாதுகாப்புக்காகப் பணியை மாற்றுவது வேறு, நோய்க்காக மனிதரைத் தண்டிப்பது வேறு என்ற தெளிவு இதனால் பிறந்தது.

சட்டத்தின் இடைவெளி

எனினும் மேற்கூறிய காப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நோக்கவேண்டும். 23-ஆம் பிரிவின் உரிமை மனநோயுள்ளவருக்கு உரியது. கடமை நலத்துறைப் பணியாளரைச் சார்ந்தது. ஆனால் நெருக்கடிக்கால ஆதரவு பெறுபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். நோய் வாராமல் தடுக்கவே அவர் உதவி நாடுகிறார். அவர் முதலில் மனம் திறப்பதும் மருத்துவரிடமன்று. பணி முடிந்து திரும்பும் வண்டியிலோ, முகாமில் தேநீர் வேளையிலோ, தம்மோடு அதே இடிபாட்டில் நின்ற தோழரிடமே அவர் பேசுகிறார். பயிற்சி பெற்ற சக பணியாளரைக் கொண்டு ஆதரவு அளிக்கும் முறை உலகெங்கும் பரவியதன் காரணம் இதுவே.

அந்தச் சக பணியாளரை மனநலச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. சான்றுச் சட்டத்தில் தொழில்முறை உரையாடலுக்கான காப்பு வழக்கறிஞருக்கே உரியது. தோழரிடம் கூறியவற்றை நீதிமன்றம் கேட்டால் அவர் மறுக்க இயலாது. துறை விசாரணையிலும் அவரது வாக்குமூலம் கோரப்படலாம். ஆக, மனக்காயமுற்றவர் முதன்முதலாகப் பேசும் இடத்திலேயே சட்டத்தின் காப்பு மிகக் குறைவாக உள்ளது.

அமெரிக்காவின் சில மாநிலங்கள் இவ்விடைவெளியைத் தனிச்சட்டத்தால் நிரப்பியுள்ளன. வாஷிங்டன் மாநிலச் சட்டம், காவலரும் தீயணைப்போரும் தமக்கென அமர்த்தப்பட்ட சக ஆதரவாளரிடம் கூறுவதற்குச் சான்றுக் காப்பு அளிக்கிறது. கூட்டரசின் சட்ட அமலாக்கப் பணியாளருக்கான இத்தகைய சட்டம் 2021 நவம்பர் 18 அன்று நிறைவேறியது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டும் அது விலக்களிக்கிறது.

விலக்குகளை மறைக்கலாகாது

“இங்கு கூறும் எதுவும் வெளியே போகாது” என்று உறுதியளிப்பது எளிது, அது உண்மையன்று. 23-ஆம் பிரிவே விலக்குகளைக் கூறுகிறது. சிகிச்சைக்காகப் பிற நலத்துறையினரிடம் பகிர்தல், பிறருக்குத் தீங்கையோ உயிராபத்தையோ தடுத்தல், நீதிமன்றம் முதலிய சட்ட அமைப்புகளின் ஆணை, பொதுப் பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தீங்கையும் உயிராபத்தையும் தடுக்கும் பொருட்டு வெளியிடும்போதும் தேவையான அளவே கூறலாம் என்பது சட்டத்தின் கட்டளை. ஒருவர் தற்கொலை எண்ணத்தை வெளியிட்டால் அவர் உயிரைக் காக்கும் அளவுக்குத் தகவல் செல்லவேண்டும். அவரது குடும்பப் பூசலும் கடனும் உடன் செல்லவேண்டியதில்லை.

இவ்வெல்லையை உரையாடல் தொடங்கும் முன்னரே கூறிவிடுதல் நேர்மையாகும். எல்லை அறிந்து பேசியவர் பின்னர் ஏமாற்றப்பட்டதாக எண்ணமாட்டார். எல்லையற்ற வாக்குறுதி ஒருமுறை முறிந்தால், ஒருவர் மட்டுமன்று, அப்படைப்பிரிவு முழுவதும் நம்பிக்கை இழக்கும்.

மற்றொரு படிப்பினையும் உண்டு. 1983-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் வகுத்த முறையில், விபத்துக்குப் பின் பணியாளர் குழுவாக அமர்ந்து அனுபவத்தை விவரித்தனர். இவ்வகை ஒற்றை அமர்வு பிற்கால நோயைத் தடுப்பதாகப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஆதலின், கட்டாயப்படுத்திப் பேசவைக்காமல், பாதுகாப்பு, அமைதி, உடனடித் தேவை ஆகியவற்றைக் கவனிக்கும் உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-ல் கையேடு வெளியிட்டது. பேசாதிருக்கும் உரிமையும் இரகசியக் காப்பின் ஒரு பகுதியே.

நடைமுறைக்கு ஏற்ற நெறிகள்

தனிச்சட்டம் வரும்வரை காத்திராமல், துறைகள் தம் பணி விதிகளாலும் ஆணைகளாலும் செய்யத்தக்கவை பல உள்ளன.

1. ஆதரவு தருபவரும் தகுதிச் சான்று தருபவரும் ஒருவராக இருத்தல் கூடாது. இரண்டும் வெவ்வேறு வாயில்களாக இருத்தல் வேண்டும்.

2. ஆதரவுக் குறிப்புகள் பணிப்பதிவேட்டிலோ ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையிலோ இடம்பெறலாகாது. சக ஆதரவாளர் எழுத்துக் குறிப்பே வைக்காதிருத்தல் நலம்.

3. தலைமைக்கு எண்ணிக்கை மட்டும் செல்லவேண்டும். இருபது பேர் கொண்ட நிலையத்தில் “ஒருவர் உதவி பெற்றார்” என்பதே அவரை அடையாளம் காட்டிவிடும். எனவே எண்ணிக்கையை மாவட்ட அல்லது மாநில அளவில் தொகுத்தே தரவேண்டும்.

4. விடுப்பு விண்ணப்பம், பயணப்படி, மருத்துவச் செலவுச் சீட்டு ஆகியவற்றின் வழியேயும் இரகசியம் கசியும். அவற்றில் நோயின் பெயரைக் கேட்கும் பத்திகளை நீக்குதல் தகும்.

5. சக ஆதரவாளராக நியமிக்கப்படுவோர் எழுத்துமூல உறுதிமொழி அளிக்கவேண்டும். துறை விசாரணைகளில் அவர்களைச் சாட்சியாக அழைப்பதில்லை என்று நிர்வாகமும் ஆணை பிறப்பிக்கவேண்டும். நேரடி மேலதிகாரி இப்பொறுப்பை ஏற்கலாகாது.

6. துறைக்கு வெளியேயும் ஒரு வழி திறந்திருத்தல் வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். படைவீரருக்கென இதன் தனிப்பிரிவு முன்னோடித் திட்டமாக 2023 டிசம்பர் 1 அன்று புனேயிலுள்ள ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. தீயணைப்போருக்கும் அவசர ஊர்திப் பணியாளருக்கும் இத்தகைய பிரிவு அமைதல் பயன் தரும்.

இந்நெறிகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் அதனைக் கடைப்பிடிக்கும் உறுதியுமே தேவை.

நிறைவாக

இரகசியக் காப்பு குறைபாடுள்ள பணியாளரை மறைத்துவைக்கும் என்று சில அதிகாரிகள் கருதக்கூடும். நிலைமை இதற்கு மாறானது. காப்பு இல்லாத இடத்தில்தான் குறைபாடு மறைக்கப்படுகிறது. காப்பு உள்ள இடத்தில் அது தானே முன்வந்து உதவி நாடுகிறது. தண்ணீரில் இரத்தத்தைக் கண்ட அந்த மீட்பாளர் தம் நிலையை எவரிடமோ கூறினார்; கூறியதனாலேயே அது தலைமை வரை எட்டியது, அவர் பெயர் மட்டும் எட்டாத் தொலைவில் நின்றது. அந்த நம்பிக்கையை ஒரு தலைவரின் நற்பண்புக்கு விட்டுவிடாமல், ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும், ஒவ்வோர் அவசர ஊர்தியிலும் விதியாக நிலைநாட்டுவதே செய்யவேண்டிய பணியாகும்.