ஜப்பானிய வகுப்புக்குத் தமிழோடு போங்கள்

சிங்கப்பூரில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர நினைக்கும் தமிழர்கள் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அந்த வகுப்பில் சீனம் படிக்கத் தெரியாதவர்கள் உங்களைத் தவிர வேறு யாராவது உண்டா? எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை, திருப்பித் தரமாட்டோம் என்று வகுப்பு நடத்தியவர்கள் கைவிரித்த கட்டணத்தை விடப் பெரியது.

நான் தஞ்சோங் பகாரில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் சரக்கு ஆவணங்கள் பார்க்கிறேன். வேலையிடத்தில் பேசுவது புரிய வேண்டும், நானும் நாலு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். ஹிரகானா, கத்தகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46. ஃபேரர் பார்க்கிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலிலேயே கற்றுக்கொள்ளலாம், அதில் சிரமம் எதுவும் இல்லை.

சிரமம் கஞ்சியில் தொடங்கியது. கஞ்சி என்பது சீனத்திலிருந்து போன எழுத்து. ஜப்பான் அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. உடன் படித்தவர்கள் தொடக்கப்பள்ளியிலிருந்து சீனம் படித்தவர்கள். மலை, ஆறு, வாசல் என்று பலகையில் எழுதியதுமே அவர்களுக்குப் பொருள் தெரிந்துவிடும். ஆசிரியர் அவர்கள் வேகத்தில் போனார். எனக்குப் புரியவில்லை என்றபோது, சீனம் தெரியாதவர்களுக்கு ஜப்பானிய மொழி கஷ்டம்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் அது உண்மையில்லை.

எழுத்தில் அவர்கள் முந்தினார்கள் என்றால், வாக்கியத்தில் நான் முந்தியிருக்க வேண்டும். வகுப்பில் இலக்கணம் முழுவதையும் ஆங்கிலம் வழியாகவே விளக்கினார்கள். எனக்கு நேராகத் திறந்திருந்த வாசலை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பின்கட்டு வழியாக வரச் சொன்னார்கள். நானும் ஆங்கிலக் குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதிக நஷ்டம் இதில்தான்.

என்ன சொல்கிறேன் என்று பாருங்கள். 'தபெதெ மிரு' என்பதை 'முயற்சி செய்தல்' என்ற தலைப்பில் ஒரு வாய்பாடாக எழுதிப்போட்டார்கள். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! இதற்கு வாய்பாடு எதற்கு? 'கைதெ ஒகு' என்பது எழுதி வை. 'மொத்தெ குரு' என்பது எடுத்து வா. 'தபெதெ ஷிமத்தா' என்பது சாப்பிட்டுவிட்டேன். நம் 'விட்டேன்' தருகிற, ஐயோ முடிந்துபோயிற்றே என்ற தொனி அதிலும் உண்டு. நம் வினையெச்சமும் துணைவினையும் தெரிந்தவருக்கு இந்தப் பாடம் ஒரு மாலை வேலை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும், 'என்று சொன்னார்' என்பதில் 'என்று' நிற்கும் இடத்திலேயே அவர்களின் 'தொ' நிற்கும். பொருள்களை எண்ணுவது ஒரு விதம், ஆட்களை எண்ணுவது ஒரு விதம் என்று வகுப்பே மலைத்தது. ஒருவர், இருவர், மூவர் என்று எண்ணுகிற நமக்கு அதில் என்ன மலைப்பு?

'கொரே, ஸொரே, அரே' என்று மூன்று சுட்டுகள் உண்டு. நடுவில் இருப்பது கேட்பவருக்குப் பக்கத்தில் உள்ள பொருள். ஆங்கிலத்தில் அதற்கு இடமே இல்லை. யாழ்ப்பாணத் தோழி ஒருத்தியிடம் சொன்னேன், "அது எங்கட 'உது' தானே" என்று முடித்துவிட்டாள். தொல்காப்பியமும் உகரத்தைச் சுட்டெழுத்தாகத்தான் வைத்திருக்கிறது.

இதனால் தமிழும் ஜப்பானியமும் ஒரே மொழிக்குடும்பம் என்று வாதாடப் போகாதீர்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படி ஓர் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதினார். தமிழ்நாட்டில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது. கற்பவருக்கு அது போதும்.

ஒலியில் நமக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். குறில் நெடில் நம் காதில் ஊறியது. 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் தபால்தலை. மற்றவர்கள் தடுமாறிய இடம் இது. ஆனால் குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதீர்கள். தங்கமும் நம் எழுத்தில் 'கின்', வெள்ளியும் 'கின்'. தங்கத்துக்குக் 'கல்'லில் வரும் ககரம், வெள்ளிக்குக் 'கங்கை'யில் வரும் ககரம். பல்கலைக்கழகத்துக்கான ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்தை 'தர்மம்' போலச் சொல்லாமல் 'தண்ணீர்' போலச் சொன்னால், படிப்பை விட்டு நின்றுவிட்டேன் என்று பொருளாகிவிடும். முதல் நாளிலிருந்தே ஹிரகானாவில் எழுதுங்கள். பொருளை மட்டும் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் வேண்டாம்.

பழக்கவழக்கத்துக்கு வருகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் சொல்வது 'இத்தெகிமஸு'. சொல்லுக்குச் சொல் போய்விட்டு வருகிறேன். 'போறேன்' என்றால் நம் வீட்டில் திட்டு விழுமே, அதே மனசு. வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார், போயிட்டு வாங்க. ஒருவர் பேசும்போது வாய்மூடி நிற்காதீர்கள், 'ஹாய்', 'ஸோ தெசு நே' என்று நடுநடுவே உம் கொட்டுங்கள். கொட்டாவிட்டால் நாம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். 'ச்சொத்தோ...' என்று ஒருவர் இழுத்தால், நம்மவர் 'பார்க்கலாம்' என்று இழுப்பதுபோல, மறுத்துவிட்டார் என்று பொருள். மேலும் கேட்டு நெருக்காதீர்கள்.

'நீங்கள்' என்பதற்கு 'அனதா' என்று எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். மேலாளரிடம் அதைச் சொல்லக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெயரோடு 'ஸன்' சேர்த்துச் சொல்லுங்கள், பதவி இருந்தால் பதவியைச் சொல்லுங்கள். "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று எதிரில் நிற்பவரையே கேட்கிற நமக்கு இது இயல்பாக வரவேண்டியது.

வீட்டில் பெரியம்மாவுக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. அவருடைய அப்பா மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர் வரை, ஜப்பானிய ஆட்சியில், இந்தத் தீவுக்கு சியோனான் என்று பெயர். பள்ளிகளில் நிப்பொன்கோ, அதாவது ஜப்பானிய மொழி, கட்டாயமாக நுழைந்தது. பெரியம்மாவின் வலிக்கு என்னிடம் பதில் இல்லை, அவரோடு நான் வாதாடியதும் இல்லை. ஆனால் அன்று மிரட்டிக் கற்பித்த மொழியை இன்று நானாக விரும்பிக் கற்கிறேன். அதை விடமாட்டேன்.

சொற்களைக் கற்கக் காசு செலவழிக்க வேண்டாம். தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே கிச்சனர் ரோட்டில் உள்ள சிட்டி ஸ்குவேர் மால் வரை நடந்தால் டான் டான் டோங்கி என்ற ஜப்பானியக் கடை இருக்கிறது. பொட்டலங்களில் கத்தகானாவை வாய்விட்டுப் படியுங்கள், பாதி ஆங்கிலச் சொற்கள்தான். சைவமாக இருப்பவர்கள் முதலில் கற்கவேண்டியது 'தாஷி', சூப்புக்கு அடிப்படையான சாறு. நிகு என்றால் இறைச்சி, ஸகானா என்றால் மீன். இரண்டும் இல்லை என்று கடைக்காரர் சொன்னாலும், மிஸோ சூப்பில் பெரும்பாலும் கத்சுவோ என்ற மீனின் தாஷி இருக்கும். "கத்சுவோ தாஷி சேர்ந்திருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் இங்கே நடக்கிறது. என் சித்தி மகன் அதில் என்3 நிலையில் தேறியதைக் குடும்பக் கூட்டங்களில் அடிக்கடி நினைவுபடுத்துவார்கள். அந்தத் தேர்வில் பேச்சு இல்லை, கட்டுரை எழுதுவதும் இல்லை. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேலைக்கான விண்ணப்பத்தில் கேட்டால் எழுதுங்கள், கேட்காவிட்டால் அந்தக் கட்டணத்தில் ஒரு ஜப்பானியரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். தமிழ் கற்க விரும்பும் ஒரு ஜப்பானியப் பெண்மணி சிராங்கூன் ரோட்டுக்கு வருகிறார். பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் என் மொழி. 'எழுதி வை' என்றதும் அவர் யோசிக்கவே இல்லை, 'கைதெ ஒகு' என்றார்.